சேகரப் பதிவேட்டில் கொள்ளுப்பாட்டனைத் தேடுதல்

மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயத்தை ஒட்டிய குன்றில் எலினார் நைட் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. தோட்டத் துரை ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி. 1894இல் காலராவில் இறந்தவர். தேவாலயம் எழுந்ததே 1910-11இல்தான். அவருடைய பூர்வீகத்தைத் தேடுவோருக்கு வழி உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு சேகரமும் எழுதிவைக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டது 1538இல். சென்னை மாகாணக் குருமார் எழுதிய பதிவுகளின் நகல்களும் லண்டனுக்குச் சென்றன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

அதே மலையில் காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன வழி? நான் சித்திரபுரத்தில் வளர்ந்தவன். சுற்றியுள்ள லயங்களில் யாரிடம் பூர்வீகம் கேட்டாலும் ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்பார்கள். அந்தப் ‘பக்கம்’ என்ற சொல்லோடு தேடல் நின்றுவிடும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற சுமார் 1,52,000 ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, ஊர், அங்க அடையாளம் வரை எழுதப்பட்டுள்ளன. டர்பனில் வாழும் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனின் கிராமத்தைக் கண்டுபிடித்துவிடலாம். போடியிலிருந்து நடந்தே மலையேறியவர் எந்தத் துறைமுகத்தையும் கடக்கவில்லை. ஆகவே எந்த அதிகாரியும் அவரை எழுதிக்கொள்ளவில்லை. கங்காணியின் முன்பணக் கணக்கில் ஒரு வரியாக இருந்திருப்பார், அவ்வளவுதான்.

எஞ்சியிருப்பவை இரண்டே: தோட்டத்துச் செக்ரோல், கிறித்தவக் குடும்பமானால் சேகரப் பதிவேடு. பின்னதில் ஆங்கிலேய முறையை அப்படியே பின்பற்றுவோர் ஏமாறுவர். அங்கே நைட் என்ற குடும்பப் பெயர் தலைமுறை தோறும் தொடரும். நமக்குத் தந்தை பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கி, பேரன் காலத்தில் அதுவும் மறைந்துவிடும். மாடசாமி ஞானமுத்துவாகும்போது குருவானவர் பழைய பெயரையும் எழுதிவைத்திருந்தால் நம் அதிர்ஷ்டம். எனவே பெயரை மட்டும் நம்பாமல் தகப்பன் பெயர், சாட்சிகள், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

இது வெறும் குடும்ப ஆர்வமாக இருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தேவிகுளம் தொகுதியில் 2021இல் வென்ற அ.ராஜாவின் வழக்கை நினைத்துப் பாருங்கள். குண்டளை சி.எஸ்.ஐ. ஆலயத்தின் குடும்பப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் நீதிமன்றத்துக்கு வந்தன. பாட்டன் பாட்டி 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இந்த மலைக்கு வந்துவிட்டார்களா என்பதும் கேள்வியாயிற்று. உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் தேர்தல் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

வழக்கின் அரசியல் எனக்கு இங்கே பொருட்டல்ல. ஆங்கிலேயருக்கு வேரைக் காட்டித் தரும் அதே ஏடு, தோட்டத்துத் தலித் குடும்பத்துக்கு அச்சம் தருவதாக இருக்கிறது. கிறித்தவராக மாறியவர் பட்டியல் சாதி உரிமையை இழப்பார் என்பது 1950ஆம் ஆண்டின் ஆணை. ஆகவே பாட்டியின் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேரன் வாய்திறப்பதில்லை. ஆய்வாளன் கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. சாத்துபவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஞானஸ்நானப் பதிவேடு ஒருநாள் நடந்த சடங்கின் சாட்சி. அந்த மனிதர் பிறகு எப்படி வாழ்ந்தார், எந்தத் தெய்வத்துக்குப் பொங்கலிட்டார் என்பதற்கு அது சாட்சியாகாது என்பதே என் கருத்து.

செக்ரோலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. யார் எந்த ஆண்டில் எந்த மலையில் வேலை செய்தார் என்பதை அது சொல்லும். 1950க்கு முந்தைய குடியிருப்புக்கு அதைவிட நேரடியான சான்று அரிது. 1924 வெள்ளத்துக்குப் பின் மிஞ்சியவற்றைக் கரையானுக்கு விடாமல் மாநில ஆவணக்காப்பகம் நகலெடுக்க வேண்டும். தம் குடும்பத்தின் ஏடு எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பதில் தொழிலாளர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

சேகரத்தில் ஏடு பார்க்க அனுமதி கிடைத்த மாணவர்களுக்கு ஒரு சொல்: உங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படமெடுக்காதீர்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். மை எங்கே மாறியது, கையெழுத்து எங்கே மாறியது என்பது அப்போதுதான் தெரியும்.