பூங்காவில் அம்மாவுக்கு என்ன வேலை?

பள்ளிக்கூடத் தேர்வு முடிந்ததும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நச்சரிப்பு தொடங்கும். மைசூர் சாலையில், பிடதிக்கு அருகே 2005-ல் திறந்த வொண்டர்லாவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதே அது. பக்கத்து வீட்டுப் பையன் போய் வந்துவிட்டான் என்ற சாட்சியும் கூடவே வரும். அப்பா சம்பளத் தேதியைப் பார்ப்பார். ஊருக்குப் போக எடுத்து வைத்த பணத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். கடைசியில் "சரி" என்பார்.

அவர் "சரி" என்றதும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வேலை கூடிவிடுகிறது. முழு நாளுக்கும் பணம் கட்டுகிறோம், கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும் என்று அப்பா கணக்குப் போடுகிறார். அதற்காக அம்மா விடியற்காலை 4 மணிக்கு எழுந்து புளிச்சாதம் கிளறி, தயிர்சாதம் பிசைந்து, வறுவல் கட்டுகிறாள். மாற்றுத் துணி, துண்டு, தேங்காய் எண்ணெய், தலைவலித் தைலம் என்று இரண்டு பைகள் நிரம்புகின்றன. இப்படிப்பட்ட பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை என்பது வாசலில்தான் தெரிய வருகிறது. புளிச்சாதம் சுவரோரம் நின்றபடி அவசர அவசரமாகத் தீர்க்கப்படுகிறது.

உள்ளே போனதும் பிள்ளைகள் ஒரு பக்கம் ஓடுகிறார்கள், அப்பா அவர்கள் பின்னால் ஓடுகிறார். அம்மா ஒரு மரத்தடி பார்த்து உட்கார்ந்து இரண்டு பைகளுக்கும் மூன்று ஜோடிச் செருப்புகளுக்கும் காவல் இருக்கிறாள். தண்ணீரில் இறங்கலாம் என்றால் சேலையோடும் துப்பட்டாவோடும் விடமாட்டார்கள். அந்த விதியில் தவறில்லை. சறுக்குக் குழாயில் வேகமாக இறங்கும்போது தொங்கும் துணி சிக்கினால் ஆபத்து. பருத்தி நூல் பிரிந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியையும் அடைக்கும். ஆனால் இந்த விதியை அவளிடம் முதல் நாளே சொல்லியவர் யார்? ஆட்டம் ஆடுகிறவருக்கும் மரத்தடியில் உட்காருகிறவருக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். முழு டிக்கெட் எடுத்துப் பைக்குக் காவல் வைப்பது எந்தக் கணக்கில் சிக்கனம்?

ஆகவே பூங்காப் பயணத்தின் திட்டத்தை அம்மாவிடமிருந்து தொடங்குவதே முறை. அப்படித் தொடங்கினால், காலையில் போவதைவிடப் பிற்பகலில் போவது நல்லது என்பது தானாகவே விளங்கும்.

பகல் 11 மணிக்கு வீட்டிலேயே சூடாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கட்டுச்சாதம் வேண்டியதில்லை. அவள் வழக்கமான நேரத்துக்கு எழுந்தால் போதும். காலை ஷிப்டு இல்லாத நாளென்றால் அப்பாவும் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்றரை மணி வாக்கில் உள்ளே போனாலும் மூடும் வரை நாலரை மணி நேரமாவது கையில் இருக்கும். இரண்டரை மணி நேரம் வீணாகிறதே என்று சிலர் வாதிடலாம். காலையிலேயே போன குடும்பங்களின் பிள்ளைகளைப் பிற்பகல் 3 மணிக்குப் பார்த்தால் போதும். உச்சி வெயிலில் வரிசையில் நின்று சுருண்டுபோய், பெரிய ராட்டினத்தின் நிழலில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். கட்டிய பணத்துக்கு ஈடாக நேரத்தை வாங்கலாம், பிள்ளையின் தெம்பை வாங்க முடியாது. மாலையில் வெயில் இறங்கி, கூட்டமும் கலையத் தொடங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம் காலையின் இரண்டு மணிக்குச் சமம்.

ஆனால் பிற்பகலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் விளையாட்டு நாள் முழுவதும் நடப்பதில்லை. அதற்கென்று தனி நேரம் உண்டு. அதை முதல் நாளே விசாரித்துக்கொண்டு, முதலில் தண்ணீர், பிறகு ராட்டினம் என்று வைத்துக்கொள்வது உத்தமம். ஈரத் தலையோடு இருட்டில் பஸ் ஏற வேண்டியிராது. பெரிய ராட்டினங்களில் உயரம் அளந்துதான் ஏற்றுவார்கள். வீட்டுச் சுவரிலேயே பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டால் சின்னவனின் அழுகை வீட்டோடு போய்விடும்.

உடை விஷயத்துக்கு வருவோம். கைமறைந்த நைலான் சட்டையும் முழுக்கால் இறுக்கு உடையும் சிவாஜி நகர்க் கடைகளில் தேடினால் கிடைக்கும். உடம்பு தெரியாது; கூச்சமும் வேண்டியதில்லை. பூங்காவுக்குள் வாங்குவதைவிட வெளியில் வாங்குவது மலிவு. பிள்ளைகளுக்கு வாங்கும்போதே அம்மாவுக்கும் ஒன்று வாங்குவதை எந்த அப்பாவும் யோசிப்பதில்லை என்பதுதான் விசித்திரம். பைகளை வைக்க உள்ளேயே வாடகைக்குப் பெட்டி உண்டு. அந்த வாடகையை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஒரு மனுஷி மரத்தடியில் உட்கார்த்தப்படுகிறாள்.

போக்குவரத்துக்கு மெஜஸ்டிக்கிலிருந்து பஸ் இருக்கிறது. பீன்யா, ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, 2023 அக்டோபரிலிருந்து வண்டி ஓடும் சல்லகட்டா வரை போய், அங்கிருந்து பிடதிப் பக்கம் பஸ் பிடிக்கலாம். ஞாயிறு மாலை மைசூரிலிருந்து திரும்பும் கார்கள் கெங்கேரியில் முட்டிக்கொண்டு நிற்கும். திரும்பும்போது மெட்ரோவே மேல். 2023 ஜூன் 11-ல் தொடங்கிய சக்தித் திட்டத்தில் அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். பதினைந்து வருஷமாக இங்கே வாடகை கொடுத்துக்கொண்டு, ஆதாரில் இன்னும் தர்மபுரி முகவரியை வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை! ஊர்ப் பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்கு அந்தப் பஸ் கட்டணம் மாதக் கடைசியில் ஒரு தொகை.

சனி, ஞாயிறுகளில் டிக்கெட் விலை கூடுதல் என்பதால், வார நாளில் ஓய்வு கிடைக்கும் தொழிலாளிக்கு இதில் மட்டும் ஆதாயம் உண்டு. அந்த மிச்சத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். பிடதியில் தட்டு இட்லிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தட்டளவு இட்லி ஒன்றே பிள்ளைகளுக்குப் போதும். வீட்டுக்கு வந்து அம்மா அடுப்பு மூட்ட வேண்டாம். ஈரத் துணியை அப்பா கொடியில் போட்டுவிடட்டும்.