பையரும் கையெழுத்துப் போடட்டும்

திருப்பூரில் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் (பையர்) ஆடிட் வருகிறது என்றால் கம்பெனிக்குள் முந்தின நாளே தெரிந்துவிடும். காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சும் மருந்தும் வந்து சேரும். அவசர வழியை அடைத்துக்கொண்டிருந்த துணி மூட்டைகள் குடோனுக்குப் போகும். செக்கிங் பெண்களுக்குப் புது மாஸ்க் கிடைக்கும். 'எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம்' என்று சூப்பர்வைசர் பாடம் நடத்துவார். ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் பழகிய பெண்ணும் அதை அப்படியே ஒப்பிப்பார். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் மூட்டைகள் பழைய இடத்துக்குத் திரும்பும். எல்லா ஆலையும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால், தைத்துப் பிழைக்கும் பலருக்கு இது தெரிந்த காட்சி.

இந்த ஆடிட்டுகள் சரிபார்ப்பது பையர்கள் வகுத்த நடத்தை விதிகளை. தனக்குச் சரக்கு தருபவர்கள் தொழிலாளரை எப்படி நடத்த வேண்டும் என்று 1991இல் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் விதி வகுத்தது. பிற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, கொத்தடிமை கூடாது, சங்கம் சேர்வதைத் தடுக்கக் கூடாது என்கிற விதிகளில் நமக்கு ஒரு குறையும் இல்லை. அவை தைத்துக் கொடுப்பவரை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன, வாங்குபவரைத் தொடுவதே இல்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

இந்த ஆடிட், சான்றிதழ் ஏற்பாடு எவ்வளவு நம்பத்தகுந்தது என்பதைப் பாகிஸ்தானின் கராச்சி காட்டியது. அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு எஸ்ஏ8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 2012 செப்டம்பர் 11 அன்று அது எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது, உண்மைதான். ஆனால், வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்ததும் ஜன்னல்களில் கம்பி இருந்ததும் சான்றிதழ் தந்தவர்கள் கண்ணில் எப்படிப் படாமல் போயின?

அடுத்த ஏப்ரலில் டாக்கா அருகே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. முந்தின நாள் அதில் விரிசல் கண்டதும் கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலையில் மேலே ஏற்றினார்கள். 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு தைத்துக் கொடுப்பவர் தலையில்தான் விழும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். விரிசல் விட்ட கட்டடத்திலும் மெஷினை ஓட்டச் சொல்லும் துணிச்சல் அந்தப் பயத்திலிருந்தும் வருகிறது.

கொரோனா பரவிய 2020இல் நடத்தை விதிகளைப் பக்கம் பக்கமாக அச்சிட்ட நிறுவனங்கள் பல, தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மறுத்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, விலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பூருக்குக் கோரிக்கைகள் வந்தன. குறையும் ஒவ்வொரு ரூபாயும் ஏற்றுமதியாளரிடமிருந்து ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும், அங்கிருந்து தொழிலாளரின் பீஸ் ரேட்டுக்கும் இறங்கி வரும். அதற்குக் கீழே தள்ளிவிட ஆள் கிடையாது.

இதைச் சொல்வதால் நம் முதலாளிகளுக்கு நற்சான்று கொடுப்பதாக எண்ண வேண்டாம். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஏழைப் பெண்களை மூன்று ஆண்டுகள் மில் விடுதியில் அடைத்துவைத்த 'சுமங்கலித் திட்டம்' எந்த பையரும் கேட்டு வந்ததல்ல. தையல் தொழிலுக்கு 2014இல் தமிழக அரசு உயர்த்திய குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் நம்மவர்களே. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. ராணா பிளாசாவுக்குப் பிறகு சர்வதேசத் தொழிற்சங்கங்களுடன் ஆடை நிறுவனங்கள் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்துவது. அதை வைத்து ஒரு நிறுவனத்தின் மீது சங்கங்கள் வழக்காட முடிந்தது. ஆலைகளைச் சீர்செய்ய 20 லட்சம் டாலர் தர அந்த நிறுவனம் 2018 ஜனவரியில் சம்மதித்தது.

இன்னொன்று நம் திண்டுக்கல்லில். ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். குற்றம்சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் பிறந்தது திண்டுக்கல் ஒப்பந்தம். ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்டது. காப், பிவிஎச் ஆகிய ஆடை நிறுவனங்களும் பிறகு சேர்ந்தன. பாலியல் தொல்லையைக் கண்டு சொல்லத் தொழிலாளர்களிலேயே பெண்கள் பயிற்சி பெற்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆடிட்டரிடம் வாய் திறக்காதவர், பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவார். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கைவைக்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டது.

இத்தகைய ஒப்பந்தம் ஒரே ஒரு நிறுவனத்தின் ஆலைகளோடு நின்றுவிடக் கூடாது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்குச் சலுகை அறிவிக்கும்போதெல்லாம் தமிழக அரசு ஒரு நிபந்தனை போடலாம்: சலுகை வாங்கும் ஆலையின் ஆடிட் அறிக்கை தமிழில் அங்குள்ள தொழிலாளர் கைக்குப் போக வேண்டும். ஏற்றுமதியாளர் சங்கங்களும் தனித்தனியாக விலை குறைத்து ஒருவர் ஆர்டரை மற்றவர் பறிப்பதை விட்டு, கூலி உயர்ந்தால் பீஸ் விலையும் உயரும் என்ற ஒரு வரியை பையர்களின் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கூட்டாகக் கேட்க வேண்டும். அந்த வரிக்குக் கையெழுத்துப் போட மறுக்கும் நிறுவனங்களின் பெயர்களை அந்தச் சங்கங்களே வெளியிடட்டும்.