அப்பு கருக்கு மாற்றிடம் எங்கே?



தில்லி பிரகதி மைதானத்தை ஒட்டி 1984 நவம்பர் 19 அன்று திறக்கப்பட்ட அப்பு கர், இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று பெயர் பெற்றது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான அப்பு என்ற யானைக்குட்டியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அந்தப் போட்டிக்காக எழுப்பிய அரங்குகளும் மேம்பாலங்களும் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன. குழந்தைகளுக்கென்று அதன் நினைவாக அமைந்த பூங்காவோ 2008 பிப்ரவரியில் இழுத்து மூடப்பட்டது.

ராட்சத ராட்டினம், மோதும் கார்கள், கொலம்பஸ் என்ற கப்பல் ஊஞ்சல் ஆகியவை அங்கே கூட்டத்தை ஈர்த்தன. இத்தகைய கப்பல் ஊஞ்சலின் அடியில் மோட்டாரால் சுழலும் ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறை கப்பல் தாழ இறங்கும்போதும் அது அடிப்பாகத்தை உரசித் தள்ள, வீச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். உச்சியில் ஒரு கணம் உடல் எடையற்றது போல் தோன்றும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசல் விதியை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் கிடைப்பது அரிது. பக்கத்திலேயே உயிரியல் பூங்கா, புராணா கிலா, தேசிய அறிவியல் மையம் எல்லாம் இருந்ததால், கரோல் பாக், ஆர்.கே. புரம் தமிழ்க் குடும்பங்கள் உட்பட நடுத்தர வர்க்கத்தினர் பஸ்ஸில் வந்து ஒரு முழு நாளைக் கழிக்க முடிந்தது.

2006 நவம்பரில் மெட்ரோ ரயில் பிரகதி மைதானம் வரை வந்தது. நகரின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகளை எளிதாக அழைத்து வரும் வசதி ஏற்பட்ட ஒன்றேகால் ஆண்டுக்குள் பூங்கா பறிபோனது. அந்நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்குச் சென்றது. கூடுதல் கட்டட வளாகம் 2019 ஜூலையில் திறக்கப்பட்டது. அந்த மெட்ரோ நிலையமே இப்போது உச்ச நீதிமன்றத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நீதிமன்றத்துக்கு இடம் தேவைப்பட்டதில் ஐயமில்லை. ஆனால் தலைநகரின் நடுவில் விளையாட்டுக்கு ஒதுக்கிய பொது நிலத்தை எடுக்கும்போது, ஈடான இடத்தைத் தில்லிக்குள்ளேயே முதலில் அமைத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. பின்னாளில் குருகிராமில் அதே பெயரில் வந்த நீர்ப் பூங்கா அண்டை மாநிலத்தில் அமைந்தது. அங்கே போய்வரும் செலவும் நேரமும் எளிய குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

தில்லியின் நிலம் மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகத்தின் பிடியிலும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பிடியிலும் இருக்கிறது. நகரின் மாஸ்டர் பிளானில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ராட்டினப் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கி, வேறு எந்தத் துறையும் அதைக் கேட்டுப் பெற முடியாதபடி சட்டப் பாதுகாப்பும் அவ்விரு அமைப்புகளும் தர வேண்டும்.

வாசகர், புது தில்லி