பரோட்டாக் கல்லும் சூரிய மின் நிலையமும்

சோலார்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது மொட்டை மாடி பேனலும் பேட்டரியும்தான். வெயிலைக் கரண்டாக மாற்றித்தான் சேமிக்கணுமா? சூடாகவே சேமித்தால் என்ன? மெக்கானிக்கலும் இ.இ.இ.யும் படிக்கிற நாமே இதைக் கேட்கிறதில்லை.

பிரானூர் பார்டர்ல பரோட்டாக் கல்லைப் பார்த்திருப்பீங்க. அடுப்பை அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் சுடும். கனமான பொருள் சூட்டைப் பிடித்து வைக்கும், தத்துவம் அவ்வளவுதான். ராஜஸ்தான் அபு ரோட்டில் உள்ள 'இந்தியா ஒன்' சூரிய வெப்ப மின் நிலையம் இதைத்தான் செய்கிறது. தலா 60 சதுர மீட்டரில் 770 டிஷ்கள் வெயிலைக் குவித்து வார்ப்பிரும்பைச் சூடாக்குகின்றன. அந்தச் சூட்டில் ராத்திரியும் நீராவி எடுக்கலாம். 1 மெகாவாட் நிலையம், 16 மணி நேரச் சேமிப்பு.

வெளிநாட்டுப் பெரிய நிலையங்களில் உருகிய நைட்ரேட் உப்பைப் பயன்படுத்துறாங்க. அதுக்குச் செலவு அதிகம். சுமார் 240 டிகிரிக்குக் கீழே போனால் குழாயிலேயே உறைய ஆரம்பிக்கும். அதனால்தான் ஆராய்ச்சி கழிவுகள் பக்கம் திரும்பியது. ஐரோப்பாவில் எஃகு ஆலைக் கசடைச் சோதித்தார்கள். பிரான்ஸில் ஆஸ்பெஸ்டாஸ் கழிவை உருக்கிச் செய்த பீங்கானைக்கூட விடலை. பின்லாந்தின் பொர்னைனென் ஊரில் 2025-ல் வந்த வெப்பக் கிடங்கில் இருப்பது 2,000 டன் மாக்கல் தூள். அடுப்பு செய்யும் கம்பெனியில் மிஞ்சியது! நம்ம பாட்டியோட கல்சட்டியும் மாக்கல்தானே?

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு டன் கசடு, தன்வெப்பம் கிலோவுக்கு சுமார் 0.9 கிலோஜூல். 400 டிகிரி ஏற்றினால் 360 மெகாஜூல், அதாவது 100 யூனிட் வெப்பம். ஆனால் அதைத் திரும்பக் கரண்டாக்கினால் 30 யூனிட் தேறினாலே பெரிசு. வெப்பத்தை வெப்பமாகவே செலவழிச்சா இந்த நஷ்டம் இல்லை.

"குற்றாலம் சீசன்ல வெயிலே இருக்காதே?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். டிஷ்ஷுக்கு நேரடி வெயில் வேணும், சாரல் மேகத்தில் அது நடக்காது. ஆனா அதே மாசங்கள்லதான் செங்கோட்டைக் கணவாய்க் காற்று நம்ம காற்றாலைகளைச் சுத்த வைக்குது. ராத்திரி மிஞ்சுற காற்றாலைக் கரண்டை ஒரு காயில் வழியா கசடுக்குள் சூடாக ஏற்றலாம். சாரல்ல கொப்பரை காய வைக்க முடியாம தவிக்கிறவங்களுக்கு 60, 70 டிகிரி சூடான காற்று போதுமே. தென்காசிக்கு முதல்ல வேண்டியது பெரிய மின் நிலையம் இல்லை, இப்படி ஒரு உலர்த்திதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குறதுக்குப் பதிலா, ஒரு டீமாவது இதை எடுக்கலாம். பழைய டிரம், கிளாஸ் வுல், ரெண்டு தெர்மோகப்பிள், ஏதாவது ஃபவுண்டரியிலிருந்து ஒரு மூட்டை கசடு. ஐம்பது தடவை சூடாக்கி ஆற வைங்க. கசடு வெடிக்குதா, பொடியாகுதா, எத்தனை மணி நேரம் சூடு நிக்குதுன்னு குறிச்சு வைங்க. பொடியாப் போனாலும் பரவாயில்லை, அதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க. அடுத்த வருஷ ஜூனியர் அங்கிருந்து ஆரம்பிப்பான்.