செயற்கைக்கோளும் ஒரு பிடி புல்லும்

நார்வேயில் ஆடு, மாடுகளின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டி மேய்க்கிறார்கள். கம்பிவேலி வேண்டாம்; எல்லையை செல்போனில் வரைந்தால் போதும். ஆடு எல்லையைத் தொட்டால் பட்டை ஒலியெழுப்பும். திரும்பாவிட்டால் லேசான ஷாக். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 100 மீட்டர் பிழையில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

அருமையான இன்ஜினியரிங்தான். ஆனால் மாடு எங்கே நிக்குதுன்னுதான் பட்டைக்குத் தெரியும். அங்கே புல் மிச்சம் இருக்கான்னு தெரியுமா? ஒட்ட மேய்ந்துவிட்டால், இலை இல்லாத புல் மறுபடி துளிர்க்கத் திணறும். எல்லையை எப்போது நகர்த்துவது என்பது மேய்ப்பவர் கண்ணால் போடும் கணக்கு. சர்க்யூட் வரைவதற்கு முன் அவரிடமும் ஒரு செமஸ்டர் படிப்போம்!