கோட்டை வேண்டாம், பனை வேண்டும்

இரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் படம் வரைந்தும், பிறர் வரைந்த படங்களைத் திருத்தியும் காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்று அகளிக்கு வந்தபின் நிலப்படத்துக்கும் எனக்கும் இனித் தொடர்பில்லை என்றே எண்ணியிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி அந்த எண்ணத்தைக் கெடுத்துவிட்டாள்.

அவள் ஒரு கதை எழுதுகிறாள். அது நடக்கும் நாடு அவளே கற்பித்த நாடு. அதற்கு நிலப்படம் வரையக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவியிருக்கிறாள். இத்தகைய மென்பொருள்கள் புதியவை அல்ல. பிரிட்டனிலிருந்து 'கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்' வெளிவந்தது 1993இல். இப்போது இன்னும் பல வந்துவிட்டன. திரையில் வெற்றுத்தாள் இருக்கும். ஓரத்தில் மலை, மரம், வீடு, பாலம் என்று சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தொட்டு, வேண்டிய இடத்தில் வைக்க வேண்டியதுதான். அந்தச் சின்னப் படங்களின் கூட்டத்தைச் சிம்பல் லைப்ரரி என்கிறார்கள். நாம் குறித்தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

அவள் நாட்டின் நில அமைப்பு எனக்குப் பழகியதாகவே இருந்தது. மேற்கே மழைக்காடு, கிழக்கே மழை மறைந்த வறண்ட மேடு, நடுவே கிழக்கு நோக்கி ஓடும் ஓர் ஆறு. பெயரை மாற்றியிருந்தாலும் அது நம் பவானிதான், நிலம் நம் அட்டப்பாடிதான். ஆனால் குறிகளை வைத்தவுடன் எல்லாம் கெட்டது. மல்லீஸ்வரன் முடி இருக்க வேண்டிய இடத்தில் பனி மூடிய சிகரம்! வறண்ட மேட்டில் ஊசியிலை மரங்கள். சிற்றூர் என்று வைத்த குறியில் கூர்மையான கோபுரத்தோடு ஒரு தேவாலயம், அருகே வட்டக் கோட்டை.

"ஏன் கண்ணு, இங்கே பனி எப்போது பெய்தது?" என்றேன்.

"பெட்டியில இருக்கறதத்தானுங்க அப்பிச்சி வைக்க முடியும். பனைமரமே இல்லீங்க" என்றாள்.

அவளோடு பள்ளியில் படித்த இருளர் பையன் ஒருவன் அப்போது வீட்டில் இருந்தான். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எங்க ஊர் எது?" என்று மட்டும் கேட்டான். அட்டப்பாடியில் ஊர் என்றால் இருளர், முடுகர், குறும்பர் குடியிருப்பு என்று பொருள். அப்படி 192 ஊர்கள் உள்ளன என்று கணக்கு. அவற்றில் ஒன்றைக்கூட அந்தப் படத்தில் காட்ட வழியில்லை.

கற்பனை நாடுதானே, எப்படி இருந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அப்படியல்ல. ஆர்.கே. நாராயணின் மால்குடி 1935இல் வெளிவந்த நாவலில் பிறந்த ஊர். அந்த ஊருக்கு ஓர் இரயில் நிலையம் இருந்தது. பாலக்காட்டுக்கு அருகே உள்ள தஸ்ராக்கைப் பார்த்து ஓ.வி. விஜயன் உருவாக்கிய கசாக், 1969இல் நூலாக வந்தது. கசாக்கின் கரும்பனைகளை எடுத்துவிட்டு ஓக் மரங்களை நட்டால் அது கசாக்காகவா இருக்கும்? கற்பனை செய்பவர் எதையும் கற்பிக்கலாம். ஆனால் கையில் இருக்கும் குறிகளுக்குள்தான் அதை வரைய முடிகிறது. தொகுப்பில் இல்லாத பொருள் மெல்ல மெல்லக் கதையிலிருந்தும் போய்விடுகிறது. என் பேத்தி முதலில் எழுதிய பக்கங்களில் ஒரு பனந்தோப்பு இருந்தது. படம் வரைந்த பிறகு எழுதிய பக்கங்களில் அதைக் காணோம்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா ஷீட்டை அவளுக்கு எடுத்துக் காட்டினேன். 1767இல் வெள்ளைக்காரன் தொடங்கிய துறை. அவன் அளந்தது படை நடத்தவும் வரி வாங்கவும்தான், அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஷீட்டின் அடியில் உள்ள குறிவிளக்கத்தைப் பாருங்கள். பனைக்கு ஒரு குறி, பனையினத்தைச் சேர்ந்த பிற மரங்களுக்கு வேறு குறி. வாழைக்கு ஒன்று, மூங்கிலுக்கு ஒன்று. கட்டிய கிணறு வேறு, கட்டாத கிணறு வேறு. ஆண்டு முழுதும் நீர் நிற்கும் ஏரி வேறு, வற்றும் ஏரி வேறு. கோயில், மசூதி, ஈத்கா, தேவாலயம், சமாதி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. இவ்வளவும் ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் அடங்கிவிடுகிறது. நாட்டைச் சுற்றிப் பார்த்தவன் வைத்த குறிகள் அவை. இன்று விலைக்கு வரும் தொகுப்புகளில் ஆயிரக்கணக்கில் குறிகள் இருக்கின்றன. ஒரு கிணற்றடியைத் தேடினால் கிடைப்பதில்லை.

ஆகவே நம் பிள்ளைகள் தங்கள் தொகுப்பைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. செய்வது எளிது, ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் கடினம். இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் பணியாற்றிய வரைபட அறைக்கு ஆட்டோகேட் வந்த புதிது. அதில் ஒரு குறியை 'பிளாக்' என்று பெயரிட்டுச் சேமிப்போம். லெவல் கிராசிங்குக்கு நான் எல்சி-1 என்று பெயர் வைத்தேன். அது ஆள் உள்ள கேட். வேறொரு பிரிவிலும் ஒருவர் எல்சி-1 என்றே வைத்திருந்தார். அவருடையது ஆளில்லாக் கேட். இரண்டு படங்களையும் ஒன்றாக ஒட்டினேன். ஒரே பெயரில் இரு பிளாக்குகள் வந்தால், ஏற்கனவே படத்தில் உள்ளதையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும், வந்ததை விட்டுவிடும். ஒரு சத்தமும் போடாது. அச்சுப் பிரதி வந்தபோது கேங் மேஸ்திரி ஒருவர் பார்த்துவிட்டு, "சார், இந்தக் கேட்டுக்கு எப்ப ஆள் போட்டாங்க?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 தொடக்கத்துக்குள் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டன. அந்தக் கவலை இன்று இல்லை. ஆனால் அன்று அந்தப் படம் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எண்ணுவதுண்டு.

பேத்திக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: பெயர் விஷயத்தில் சோம்பல் கூடாது. 'மரம்', 'மரம் புதியது', 'மரம் கடைசி' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே புரியாது. பொருள், வகை, எண் என்று வைக்க வேண்டும்: பனை-தனி-01, பனை-தோப்பு-01. ஒன்று என்று மட்டும் எழுதினால் பத்து வந்து இரண்டுக்கு முன்னால் நிற்கும். சுழியம் சேர்த்தே எழுத வேண்டும். எல்லாக் குறிக்கும் ஒளி ஒரே பக்கமிருந்து, மேல் இடப்புறமிருந்து, விழ வேண்டும். இல்லாவிட்டால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் தெரியும். மரத்தையும் மலையையும் பிடிக்கும் புள்ளியை நடுவில் வைக்காமல் அடியில் வைக்க வேண்டும். அப்போதுதான் முன்னால் இருப்பது முன்னாலும் பின்னால் இருப்பது பின்னாலும் வரிசைப்படும்.

அடுத்தது கோப்புறை. சில மென்பொருள்களில் குறி படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். சிலவற்றில் அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே பதியும். கோப்புறையை நகர்த்தினால் மலை இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறிதான் நிற்கும். படத்தை யாருக்காவது கொடுத்தால் தொகுப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கண்டதையெல்லாம் இறக்கித் தொகுப்பில் கொட்டுவது இன்னொரு நோய். இலவசமாகக் கிடைப்பவற்றில் பல சொந்த உபயோகத்துக்கு மட்டுமே உரியவை. ஆண்டு மலரில் அச்சிட வேண்டுமானால் வரைந்தவரின் அனுமதி வேண்டும். யாரிடமிருந்து பெற்றது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. என் பழக்கம் அது. பேத்தி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

அந்தப் பையன்தான் ஊருக்கான குறியை வரைந்து தந்தான். வரிசையாக வீடுகள், முன்னால் நீண்ட வாசல். "கூட்டமாப் போடாதீங்க சார், எங்க ஊர்ல வீடு வரிசையா இருக்கும்" என்று திருத்தினான். மல்லீஸ்வரன் முடிக்கு என்ன குறி வைப்பது என்று கேட்டதற்கு, மற்ற மலைகளுக்கு வைப்பதை அதற்கு வைக்க வேண்டாம் என்றான். சிவராத்திரிக்கு அவன் ஆட்கள் ஏறும் மலை அது. அதற்கு மட்டும் ஒரு தனிக்குறி செய்து, வேறு எங்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம்.

இப்போது தொகுப்பில் 43 குறிகள் உள்ளன. பனந்தோப்பு கதைக்குள் திரும்பி வந்துவிட்டது. சுமைதாங்கிக் கல் மட்டும் சரியாக அமையவில்லை. நான் வரைந்தது இரயில்வே கல்வெர்ட்டைப் போலவே இருக்கிறது என்கிறாள். இங்குள்ளவர்கள் அத்தாணி என்று சொல்லும் அந்தக் கல் உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் இன்னும் நின்றால், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து, உயரத்தையும் அகலத்தையும் அளந்து சங்கத்துக்கு அனுப்பி உதவுங்கள்.