பென் டிரைவில் வரும் குரல்

கணினித் திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. கணினியில் நிறுவாமலே இதைப் பென் டிரைவில் வைத்து எங்கும் கொண்டுபோகலாம். விண்டோஸ் கணினியில் செருகி, ரன் பெட்டியில் இருப்பிடத்தைத் தட்டச்சு செய்தால் குரல் எழும், தமிழும் படிக்கும். டிரைவின் எழுத்து ஈயா எஃப்பா என்று தெரியவில்லையா? கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸ் 10இலேயே இருக்கும் நரேட்டர் பேசும், தேடிப் பிடித்துவிடலாம்.

பாடநூலும் அதே டிரைவில்தான். டெய்சி என்ற ஒலிநூல் வடிவில் வரும் அந்தப் பேசும் புத்தகம் ஒற்றைக் கோப்பு அல்ல. ஒலித் துண்டுகளும் அவற்றை அத்தியாயங்களோடு இணைக்கும் கோப்புகளும் அடங்கிய ஃபோல்டர். இணைப்புக் கோப்பு விடுபட்டால், வேண்டிய அத்தியாயத்துக்குத் தாவ வழியில்லை.

இத்தனை வசதியும், வைரஸுக்குப் பயந்து யுஎஸ்பி முனையை அடைத்துவைத்த கணினியின் முன் வீண்.

வைரஸ் பயம் நியாயமானதுதான். ஆனால் அதன் சுமையைப் பார்வையற்ற மாணவர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? கல்லூரிகளும் நூலகங்களும் தங்கள் கணினிகளில் என்விடிஏவை நிறுவட்டும்; உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மாணவர் கொண்டுவரும் டிரைவை வைரஸ் சோதனை செய்து, அங்கேயே திறந்துவிடட்டும்.